அன்னி பெசண்ட் அம்மையார் ஏன் மாறினார்?

சென்ற ஆண்டு நமது சங்கத்தில் நடந்த பட்டிமன்றத்தில் நானும் ஒரு பக்கம் பேசினேன். ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கொண்ட கருத்தைப் பின்னாளில் மாற்றிக்கொள்வது ஒருவருக்குப் பெருமையா, சிறுமையா என்பது பொருள். சிறுமையே என்ற பக்கம் எனக்கு வாய்த்தது. எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று தேடியபோது அன்னி பெசண்ட் அம்மையார் அகப்பட்டார். திருச்சபையில் தொடங்கி, நாத்திகர் சங்கத்துக்குப் போய், சமதர்மிகளோடு சேர்ந்து, பிரம்மஞான சபையில் குடியேறி, காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, பிறகு அதையும் விட்டு விலகியவர் என்று வரிசையாக அடுக்கினேன். வாடகை வீட்டுக்காரர்கூட இத்தனை முறை மாற மாட்டார் என்று நான் சொன்னபோது அவை சிரித்தது. கைதட்டலும் கிடைத்தது.

சில நாட்களுக்குப் பின் ஒரு வேலையாகக் கமச்சா பக்கம் போக நேர்ந்தது. மத்திய இந்துப் பள்ளியின் பழைய கட்டடங்களைக் கடந்து நடந்தபோது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. நாம் படிக்கும் இந்தக் காசிப் பல்கலைக்கழகத்தின் முதல் வேர் அந்த மண்ணில்தான் இருக்கிறது. அதை ஊன்றியவரைத்தான் நான் மேடையில் ஏறிச் சிரிப்புக்குப் பொருளாக்கினேன். அவர் எத்தனை முறை மாறினார் என்பது எனக்குத் தெரியும். ஏன் மாறினார் என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தேனா? இல்லை. அந்த உறுத்தலில் அவர் வரலாற்றைப் படித்தேன். நான் பெற்ற கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கவே இதை எழுதுகிறேன்.

அன்னி 1847 அக்டோபர் 1 அன்று லண்டனில் பிறந்தார். குடும்பம் ஐரிஷ் வழியினது. ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய், ஹாரோ என்னும் ஊரில் பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். மாரியட் என்ற அம்மையார் ஒருவர் அன்னியைத் தம் பொறுப்பில் அழைத்துச் சென்று படிக்க வைத்தார். சிறு வயதில் அன்னிக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: சமயத்துக்காக உயிர் கொடுத்த பழங்காலத் தியாகிகளைப் போலத் தாமும் ஆக வேண்டும் என்பது. விரதம் இருப்பார், மணிக்கணக்கில் ஜபம் செய்வார். 1867-இல், இருபது வயதில், பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியாரை மணந்தார். அந்த மணம் அவருக்குத் திருச்சபைக்குச் செய்யும் தொண்டாகவே தோன்றியது. ஆகவே திருச்சபையின் மீது அவருக்கு ஆரம்பத்திலேயே பகை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் அளவுக்கு அதை நேசித்தவர்கள் அந்த வட்டாரத்தில் அரிது.

மாற்றம் எங்கிருந்து வந்தது? எந்த நாத்திகனும் அவரிடம் வந்து வாதாடவில்லை. 1871-இல் அவருடைய கைக்குழந்தை மேபல் கக்குவான் இருமலில் விழுந்தாள். பிழைப்பது அரிது என்ற நிலை. மூச்சுக்குத் திணறும் குழந்தையை இரவும் பகலும் மடியில் வைத்துக்கொண்டிருந்த தாயின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அன்பே உருவான கடவுள் இந்தப் பச்சிளங்குழந்தையை ஏன் இப்படி வதைக்க வேண்டும்? குழந்தை பிழைத்தது, கேள்வியும் பிழைத்துக்கொண்டது.

அவர் உடனே சபையை விட்டு ஓடிவிடவில்லை. ஐயத்தைத் தீர்க்கும் வழி சபைக்குள்ளேயே இருக்கும் என்று நம்பி நூல் நூலாகப் படித்தார். ஆக்ஸ்போர்டுக்குச் சென்று, அக்காலத்தில் பெரும் பண்டிதராக மதிக்கப்பட்ட பியூசி என்பவரைக் கண்டு தம் ஐயங்களைச் சொன்னார். பியூசி அவற்றுக்கு விடை கூறவில்லை. நீ ஏற்கெனவே அளவுக்கு மீறிப் படித்துவிட்டாய், இனிப் படியாதே, ஜபம் செய் என்ற பொருளில் கண்டித்து அனுப்பினார். கேள்விக்கு விடை இல்லாமற் போனதைவிடக் கேள்வியே பாவமாகக் கருதப்பட்டதுதான் அன்னியைத் திருப்பிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கணவர் அப்போது லிங்கன்ஷயரில் சிப்சி என்ற கிராமத்துக்குக் குருவாக இருந்தார். ஒரு நாள் அன்னி ஆலயத்தில் இசைப் பயிற்சிக்காகத் தனியே சென்றவர், கதவைத் தாழிட்டுக்கொண்டு, பிரசங்க மேடையில் ஏறிக் காலியான இருக்கைகளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். பெண்கள் ஏறக் கூடாத மேடை அது. தம் குரலின் வலிமையை அவர் அன்றுதான் உணர்ந்தார். பிற்காலத்தில் மூன்று கண்டங்களில் பல்லாயிரம் பேரைக் கட்டிப்போட்ட குரல், முதன்முதலில் ஆளில்லாத ஒரு கிராமத்து ஆலயத்தில் ஒலித்தது.

1873-இல் முடிவு வந்தது. ஒழுங்காகத் திருவிருந்தில் கலந்துகொள்ள வேண்டும், இல்லையேல் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கணவர் நிபந்தனை விதித்தார். நம்பாத ஒன்றை நம்புவது போல நடிக்க அன்னியால் இயலவில்லை. இருபத்தைந்து வயதில், மேபலுடன் வெளியேறினார். மகன் டிக்பி தந்தையிடம் நின்றான்.

இதற்கு அடுத்த ஆண்டில் நடந்த ஒன்றை நான் பட்டிமன்றத்தில் சொல்லாமல் விட்டேன். உண்மையில் அது அப்போது எனக்குத் தெரியாது. அன்னியின் தாய் மரணப் படுக்கையில் இருந்தார். திருவிருந்து பெற விரும்பினார். ஆனால் மகளும் உடன் பெறாவிட்டால் தமக்கும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்னி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குருவான ஸ்டான்லியிடம் நேரே சென்று, தமக்கு நம்பிக்கை இல்லை என்பதை மறைக்காமல் கூறி உதவி கேட்டார். அவர் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தாய்க்கும் மகளுக்கும் சேர்த்தே திருவிருந்து அளித்தார். பியூசியும் திருச்சபைதான்; ஸ்டான்லியும் திருச்சபைதான். ஸ்டான்லியின் அன்பை அன்னி கடைசிவரை நன்றியுடன் நினைத்தார். ஆயினும் அந்த அன்புக்காகத் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நல்ல மனிதர் ஒருவர் உள்ளே இருப்பதும், அந்த நிறுவனத்தின் கொள்கை நமக்கு உண்மையாகப் படுவதும் வேறு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1874-இல் சார்லஸ் பிராட்லாவைச் சந்தித்தார். இங்கிலாந்து நாத்திகர்களின் தலைவர் அவர். பிராட்லாவின் சங்கத்தில் சேர்ந்து, அவருடைய பத்திரிகையில் எழுதி, ஊர் ஊராகப் பேசினார் அன்னி. 1877-இல் இருவரும் சேர்ந்து, நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் கருத்தடையைப் பற்றி எழுதிய பழைய சிறு நூலை மறுபதிப்புச் செய்தனர். ஏழைத் தாய்மார் ஆண்டுதோறும் பிள்ளை பெற்றுப் பட்டினியில் மாய்வதைக் கண்டதால் துணிந்த செயல் அது. ஆபாச நூல் என்று வழக்கு வந்தது. முன்பு ஆண்டுக்குச் சில நூறு பிரதிகள் விற்ற நூல், வழக்கின் புகழால் சில மாதங்களில் லட்சத்துக்கு மேல் விற்றது. ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1878-இல் மேல்முறையீட்டில், சட்ட நுணுக்கம் ஒன்றினால் அது தள்ளுபடியாயிற்று.

சிறை தப்பியது; குழந்தை தப்பவில்லை. நாத்திகம் பேசுபவள், இத்தகைய நூலை வெளியிட்டவள் ஒரு பெண் குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று தந்தை வழக்குத் தொடுத்தார். அன்னி தாமே நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். பெண் ஒருத்தி தானே வழக்காட வந்தது நீதிபதிக்குப் பிடிக்கவில்லை. தீர்ப்பு எதிராயிற்று, மேபலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். எந்தக் குழந்தையின் இருமல் அவரைத் திருச்சபையிலிருந்து பிரித்ததோ, அந்தக் குழந்தையே அந்த மாற்றத்துக்கு விலையாயிற்று. இந்த இடத்தைப் படித்தபோது, வாடகை வீட்டுக்காரர் என்று நான் சொன்ன உவமையை நினைத்து வெட்கினேன். வீடு மாறுபவர் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு போவார். இவரோ ஒவ்வொரு முறையும் வீட்டில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் இருவரும் வயது வந்த பின் தாமாகவே தாயைத் தேடி வந்தார்கள் என்பது ஓர் ஆறுதல்.

நாத்திகர் சங்கத்தை அவர் விட்டதற்குக் காரணம் வேறு. அங்கே கேள்வி கேட்கத் தடை இல்லை. ஆனால் லண்டன் கிழக்குப் பகுதியின் வறுமைக்கு அங்கே மருந்தும் இல்லை என்று அவர் கண்டார். பிராட்லா தனிமனித உரிமையில் நம்பிக்கை கொண்டவர், சமதர்மத்தை ஏற்காதவர். அன்னி 1885-இல் ஃபேபியன் சங்கத்தில் சேர்ந்தார். 1888-இல் பிரையண்ட் அண்டு மே என்ற தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்த பெண்களின் நிலையை நேரில் விசாரித்து எழுதினார். குறைந்த கூலி, அந்தக் கூலியிலும் பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம், வெள்ளைப் பாஸ்பரசு தாடை எலும்பை அரித்துவிடும் அபாயம் வேறு. பங்குதாரர்களுக்கோ கொழுத்த லாபம். கட்டுரை வந்தபின் ஏறத்தாழ 1400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அவர்கள் அமைத்த சங்கத்துக்கு அன்னியே செயலாளர் ஆனார். அதே ஆண்டில் லண்டன் கல்விக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் உணவளிக்கப் பாடுபட்டார்.

இனி வருவதுதான் பலருக்கும் புரியாத மாற்றம். எனக்கும் முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். 1889-இல், பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதிய பெருநூல் ஒன்று மதிப்புரைக்காக அன்னியிடம் வந்தது. படித்தார், ஆசிரியரைக் காணச் சென்றார். சேர விரும்புவதாகச் சொன்னபோது பிளவாட்ஸ்கி ஒரு நிபந்தனை போட்டார். தம்மை ஏமாற்றுக்காரி என்று தீர்மானித்து ஒரு சங்கத்தார் வெளியிட்ட அறிக்கையை முதலில் படித்துவிட்டு வரச் சொன்னார். அன்னி அதையும் படித்தார், அறிக்கையை ஏற்கவில்லை, 1889 மே மாதம் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் கடவுள் இல்லை என்று பேசிய அதே மேடைகளில் நின்று தம் மாற்றத்தை அறிவித்தார். பிராட்லா மனம் நொந்தார். பழைய தோழர்கள் பலர் சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள். அந்த ஆண்டுகளில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி என்ற குஜராத்தி மாணவர், அன்னி தம் மாற்றத்துக்குக் காரணம் கூறி எழுதிய சிறு நூலைப் படித்தார். அவரை நேரிலும் கண்டார்.

வறுமை ஒழிப்புக்குச் சட்டமும் கூலியும் மட்டும் போதா, மனிதர் ஒருவருக்கொருவர் உடன்பிறந்தார் என்ற உணர்வுக்கு ஓர் ஆன்ம அடிப்படை வேண்டும் என்று அவர் எண்ணினார். இந்த விளக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் அனுப்பும் செய்திகளை ஏற்றதும், கருத்தடை பற்றித் தாமே எழுதிய நூலின் விற்பனையை 1891-இல் நிறுத்தியதும் எனக்கு விளங்கவில்லை. அந்த நூலுக்காகத்தானே மகளை இழந்தார்! மாற்றங்கள் எல்லாம் முன்னேற்றம் என்று நான் வாதாட வரவில்லை. அவை விலையில்லாமல் வந்தவை அல்ல என்பதே என் கருத்து.

1893 நவம்பர் 16 அன்று அவர் இந்திய மண்ணில் முதன்முதல் கால் வைத்த இடம் நம் தூத்துக்குடி. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1898 ஜூலையில், இந்தக் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். ஒரு சிறு வாடகை வீட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு தொடங்கியது அது. காசி மகாராஜா கமச்சாவில் இடம் கொடுத்தார். பகவான் தாஸ் துணை நின்றார். சர்க்கார் உதவித் தொகையை நாடாமல், குறைந்த சம்பளத்தில், இந்தியர் பணத்தில் நடத்துவது என்பது கொள்கை. 1904-இல் பெண்களுக்கும் பள்ளி திறந்தார்.

இங்கே அவருடைய மாற்றங்கள் இன்னும் நுட்பமானவை. வந்த புதிதில் நம் பழைய ஏற்பாடுகள் அனைத்தையும் போற்றிப் பேசினார். சாதி அமைப்புக்கும் சமாதானம் சொன்னார். சீர்திருத்தக்காரர்கள் மனம் வருந்தினார்கள். ஆனால் கல்லூரி நடத்தத் தொடங்கியபின், பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் மணமான பையன்கள் அவர் கண்முன் வந்து நின்றார்கள். நூலில் படித்த தர்மம் வேறு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் வேறு. மணமான சிறுவர்களைப் பள்ளியில் சேர்ப்பதில்லை என்று விதி செய்தார். 1913-இல் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் குழந்தை மணத்தையும் தாழ்த்தப்பட்டோரை ஒதுக்கி வைப்பதையும் வெளிப்படையாகக் கண்டித்தார். தொலைவிலிருந்து பார்த்துப் போற்றிய ஒன்றை அருகில் இருந்து பார்த்துத் திருத்த முற்பட்டார் என்க.

1907-இல் அவர் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1909-இல் அடையாற்றில் கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனைக் கண்டு, உலகுக்கு வரவிருக்கும் ஆசான் இவனே என்று சபையார் சிலர் அறிவித்தனர். அன்னியும் அதை நம்பினார். 1911-இல் அதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார். சிறுவனின் தந்தை சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 1913-இல் வென்றார். 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அம்மையார் வென்றார். முன்பு தம் குழந்தையை நீதிமன்றத்தில் பறிகொடுத்த தாய், இப்போது மற்றொருவர் பிள்ளைக்காக நீதிமன்றம் ஏறினார்! இந்த விவகாரத்தால் காசிக் கல்லூரியிலும் பிளவு ஏற்பட்டது. முதல்வர் அருண்டேலும் ஆசிரியர்கள் பலரும் 1913-இல் விலகினர். தமிழ்நாட்டிலும் எதிர்ப்பு வலுத்தது. பாரதியார் புதுவையில் இருந்துகொண்டு பொன் வால் நரி என்று ஆங்கிலத்தில் ஒரு கேலி நூல் எழுதினார். டாக்டர் டி. எம். நாயரும் நீதிக் கட்சியாரும், அம்மையாரின் இயக்கம் பிராமணர் ஆதிக்கத்துக்கே துணை செய்யும் என்று கடுமையாகத் தாக்கினர். இவற்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மை ஆகாது.

கல்லூரியை அவர் தமதென்று இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை. மாளவியாஜி பெரிய இந்துப் பல்கலைக்கழகம் ஒன்று காண முயன்றபோது, தாம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வளர்த்த நிறுவனம் அதில் கலக்க இசைந்தார். 1916 பிப்ரவரி 4 அன்று வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார்.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 6 அன்று, அந்த விழாவில் காந்தியடிகள் பேசினார். நகை அணிந்து வீற்றிருந்த மன்னர்களைப் பார்த்து, அந்த நகைகளைக் கழற்றி ஏழைகளுக்காகப் பயன்படுத்தாமல் நாட்டுக்கு விமோசனம் இல்லை என்றார். வைசிராய்க்காகக் காசித் தெருக்களில் குவிக்கப்பட்டிருந்த துப்பறியும் போலீசாரைக் குறை சொன்னார். வெடிகுண்டு வீசும் இளைஞர்களைப் பற்றியும் பேசினார். மேடையில் இருந்த அம்மையார் குறுக்கிட்டு நிறுத்தும்படி சொன்னார். மாணவர்கள் தொடரச் சொன்னார்கள். மன்னர்கள் எழுந்து போக, கூட்டம் பாதியில் கலைந்தது. இளைஞர் கூட்டத்தில் அப்பேச்சு தவறாகக் கொள்ளப்படும் என்று அஞ்சியதாக அம்மையார் பின்னர் விளக்கம் எழுதினார். மாணவருக்கு அரசியல் கூடாது என்பதே கல்லூரி நாட்களில் அவர் வைத்திருந்த விதி.

அதே ஆண்டு செப்டம்பரில் அதே அம்மையார் சென்னை கோகலே மண்டபத்தில் ஹோம் ரூல் சங்கத்தைத் தொடங்கினார். 1914-இலிருந்து அவர் நடத்திய நியூ இந்தியா பத்திரிகை சுயாட்சி கேட்டு முழங்கியது. மாணவர்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போகக் கூடாது என்று சென்னை அரசு உத்தரவிட்டபோது, அதை எதிர்த்தார். 1917 ஜூனில் கவர்னர் பெண்ட்லண்டு பிரபு, அவரையும் அருண்டேலையும் வாடியாவையும் காவலில் வைத்தார். ஊட்டி வீட்டின் தோட்டத்தில் சிவப்பும் பச்சையுமான ஹோம் ரூல் கொடியை ஏற்றினார் அம்மையார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. மணி ஐயர் என்று மக்கள் அழைத்த சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார். பின்னர் சர் பட்டத்தைத் துறந்தார். முந்திய ஆண்டு அவரால் தடுத்து நிறுத்தப்பட்ட காந்தியடிகளும் அக்காவல் பெரும் பிழை என்று அரசுக்கு எழுதினார். செப்டம்பரில் விடுதலை கிடைத்தது. டிசம்பரில், எழுபது வயதில், கல்கத்தா காங்கிரசின் தலைவரானார். காங்கிரஸ் தலைமையை ஏற்ற முதல் பெண் அவரே.

ஆங்கில ஆட்சியைப் பற்றிய அவர் கருத்து மாறிய காரணம் என்ன? அரசியல் தத்துவம் ஒன்றைப் புதிதாகக் கற்றதாலா? அன்று. சட்டத்துக்கு உட்பட்டுப் பேசினால் ஆங்கில அரசு செவி சாய்க்கும் என்று நம்பினார். பேசிய அவருடைய பத்திரிகையின் ஜாமீன் தொகையையே அரசு பறிமுதல் செய்தது. வாக்குக்கும் செய்கைக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் தம் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டார்.

புகழின் உச்சி அது. அங்கிருந்து இறங்க மூன்று ஆண்டுகளே ஆயின. 1919-இல் காந்தியடிகள் ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். சட்டம் தீயது என்பதில் அம்மையாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் மக்களைச் சட்ட மறுப்புக்குப் பழக்கினால் கலகம் மூளும் என்றார். கலகங்கள் மூண்டபோது அரசு உறுதியாக அடக்குவதை ஆதரித்தும் எழுதினார். நாடு அதை மன்னிக்கவில்லை. 1920-இல் நாகபுரி காங்கிரஸ் ஒத்துழையாமையை ஏற்றது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு மாணவர் வெளிவர வேண்டும் என்பது அத்திட்டத்தின் ஒரு பகுதி. கல்லூரி கட்டியவருக்கு அது பொறுக்குமா? விலகினார். இங்கே மாறியது அவர் அல்லர், காங்கிரஸ் மாறியது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். காலம் காந்தியடிகள் பக்கம் இருந்தது என்பதை நாம் அறிவோம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் தம்மைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கூட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு சொல் மாற்றிச் சொன்னால் போதும் என்ற நிலையில், அவர் அதைச் சொல்லவில்லை. அதன் பின்னும் உழைப்பு நிற்கவில்லை. இந்தியாவுக்குச் சுயாட்சி வழங்கும் மசோதா ஒன்றைத் தயாரித்து, 1925-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் தொழிற்கட்சியார் வழியாகக் கொண்டுவரச் செய்தார். அது முதல் வாசிப்போடு நின்றது.

கடைசிக் காட்சி 1929 ஆகஸ்டு 3 அன்று ஹாலந்து நாட்டில் ஓமன் என்னும் இடத்தில் நடந்தது. உலக ஆசானுக்காக அமைத்த சங்கத்தின் உறுப்பினர் மூவாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தனர். முதல் வரிசைகளில் எண்பத்திரண்டை நெருங்கிய அம்மையார் இருந்தார். கிருஷ்ணமூர்த்தி எழுந்து, உண்மையை எந்த நிறுவனத்தாலும் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்று கூறி, அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டார்.

ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் சிப்சி கிராமத்தில் இளம் அன்னி திருச்சபைக்குச் செய்ததை, இப்போது அவர் வளர்த்த பிள்ளை அவருக்குச் செய்தான். தம் வாழ்நாளெல்லாம் பிற நிறுவனங்களை உரைத்துப் பார்த்தவர், தாம் தலைமை தாங்கியதை மட்டும் அப்படி உரைத்துப் பார்க்கத் தவறினார். நாம் சேர்ந்த நிறுவனத்தை விட்டு விலகுவது கடினம். நாமே கட்டியதை ஐயுறுவது அதைவிடக் கடினம். ஆனால் பியூசி தம்மிடம் நடந்துகொண்டபடி அவர் கிருஷ்ணமூர்த்தியிடம் நடந்துகொள்ளவில்லை. வீட்டை விட்டு வெளியேறு என்று சொல்லவும் இல்லை. அவர் மனம் உடைந்திருக்க வேண்டும். ஆயினும் அன்பைத் திரும்பப் பெறவில்லை. 1933 செப்டம்பர் 20 அன்று அடையாற்றில் உயிர் நீத்தார். அவர் சாம்பலில் ஒரு பகுதி நம் கங்கையில் கரைக்கப்பட்டது.

நண்பர்களே! இந்த வரலாற்றைப் படித்தபின் நான் தெரிந்துகொண்டது இதுதான். நிறுவனங்களைப் பற்றிய நம் கருத்து மாறுவது பெரும்பாலும் வாதத்தினால் அன்று. மடியில் இருமும் குழந்தை, அபராதம் கட்டும் தொழிலாளிப் பெண், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மணமான சிறுவன் என்று ஓர் உயிர் நம் முன்னே வந்து நிற்கும். நிறுவனம் சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள இடைவெளி அப்போது தெரியும். சில வேளை நாம் மாறுகிறோம். சில வேளை நிறுவனம் மாறுகிறது. சில வேளை இரண்டும் மாறவில்லை. தூரத்திலிருந்து பார்த்ததை அருகில் வந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு மூன்றும் ஒன்றுபோலவே, கட்சி மாறியதாகவே தோன்றும்.

அப்படியானால் நேர்மையான மாற்றத்தைச் சந்தர்ப்பவாதத்திலிருந்து பிரித்தறிவது எப்படி? மாறியவர் அதனால் எதைப் பெற்றார் என்று கேட்பதோடு, எதை இழந்தார் என்றும் கேட்க வேண்டும். அம்மையார் வீட்டை இழந்தார், மகளை இழந்தார், தோழர்களை இழந்தார், கடைசியில் ஒரு நாட்டின் கைதட்டலையும் இழந்தார். நானோ ஒரே ஒரு கைதட்டலுக்காக அவரை மேடையில் நிறுத்திச் சிரித்தேன்.

நம் விடுதியில் அநேகமாக ஒவ்வோர் இரவும் ஏதாவது ஒரு நிறுவனத்தைப் பற்றிய விவாதம் நடக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தையே முதலாண்டில் கோயில் என்றவர்கள் மூன்றாம் ஆண்டில் வேறு பெயர் சொல்கிறார்கள். ஊருக்குப் போனபின் மறுபடி கோயில் என்பார்கள். அவர்களைப் பார்த்து, அன்று அப்படிச் சொன்னாயே என்று மடக்குவது எளிது. நானும் அதைத்தான் செய்து வந்தேன். இனி, இடையில் எதைப் பார்த்தாய் என்று கேட்கப் பழக வேண்டும்.

அடுத்த ஆண்டு இதே பொருளை மீண்டும் வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் பேச எனக்கு ஓர் இடம் வேண்டும். கட்சி மாறிவிட்டான் என்று அவை சிரித்தால் சிரிக்கட்டும்.